வாசிக்கப்படாத பிள்ளையார் சுழி

1

எங்கள் கந்தோரில் அண்மையில் ஒரு கேக் வெட்டினார்கள். கம்பனி தொடங்கிய ஆண்டு நிறைவு. கேக்கின் மேல் நீலச் சீனிப்பாகில் ஒரு பூட்டு வரைந்து, அதற்குக் கீழே ‘பாதுகாப்பான இணையத்துக்காக’ என்று டச்சு மொழியில் எழுதியிருந்தார்கள். கொள்கைப் பிரிவின் தலைவன் யெரூன் பூட்டின் நடுவிலேயே கத்தியை இறக்கினான். எல்லாரும் கைதட்டினார்கள். பாதுகாப்பைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிற ஒரு கூட்டம் பூட்டை வெட்டித் தின்பது என்ன சகுனம் என்று அங்கே ஒருவரும் யோசிக்கவில்லை. நானும் ஒரு துண்டு தின்றேன். அந்த இடத்தில் எனக்குக் கிடைத்தவற்றில் வாய்க்கு நன்றாக இருந்தது அது ஒன்றுதான்.

கந்தோர் என்று எழுதினால் கொழும்பு வெள்ளவத்தையில் இதை வாசிக்கும் இளவட்டங்கள் சிரிக்கும். அவர்களுக்கு ஒஃபீஸ். என் அப்பா காலையில் குடையை எடுத்துக்கொண்டு "கந்தோருக்குப் போட்டு வாறன்" என்றுதான் சொல்வார். இலங்கையை ஒருகாலத்தில் ஆண்டு, அந்தச் சொல்லை எங்களிடம் விட்டுவிட்டு வந்தவர்கள் இந்த ஊர்க்காரரான ஒல்லாந்தர். நெதர்லாந்துக்கு வந்த புதிதில் பஸ்ஸில் யாரோ தொலைபேசியில் கந்தோர் என்றது காதில் விழுந்து, ஊர் ஆள் என்று ஆவலோடு திரும்பிப் பார்த்தேன். ஆறடி வெள்ளைக்காரர் ஒருவர் தன் மனைவியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். கந்தோரும் பத்திரம் எழுதும் நொத்தாரிசும் தந்தவர்களும், எங்கள் காணிகள் யார் யாருடையவை என்று தோம்பு எழுதி வைத்தவர்களும் இவர்கள்தான். இப்போது இணையத்தில் உள்ள பெயர்களுக்குத் தோம்பு எழுதுகிறார்கள். தொழில் மாறவில்லை.

அந்தத் தொழிலைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இணையத்தில் கடை விரிக்க நினைக்கும் எவரும் முதலில் ஒரு பெயரைப் பதிய வேண்டும். அந்தப் பெயரை விற்று, பதிந்து, ஆண்டுதோறும் புதுப்பித்துக் கொடுப்பது எங்கள் கம்பனி. நாங்கள் பெயரை நிறுத்தினால் கடையும் போயிற்று. அதற்கு ஒரு சொடுக்குப் போதும். ஆகவே போலி வங்கி நடத்துகிறவன், போலி மருந்து விற்கிறவன் எல்லாரும் எங்கள் வாசலால்தான் போய் வருகிறார்கள். அவர்களைப் பற்றி உலகமெங்கும் இருந்து வரும் முறைப்பாடுகளை வாசிக்கும் மேசையில் நான் இருக்கிறேன். சொடுக்கும் அதிகாரம் எனக்குக் கிடையாது. வாசித்து, கவலை தெரிவித்து, மேலே அனுப்பலாம்.

மேல்மாடியில் இருப்பவர்களுக்கு வாசிப்பது பிடிக்காது, எழுதுவது பிடிக்கும். இணையக் கொள்கை, இணையப் பாதுகாப்பு, இணைய நம்பிக்கை என்று பளபளக்கும் அட்டையில் அறிக்கைகள் வரும். அவற்றைத் தூக்கிக்கொண்டு யெரூன் மாநாடுகளுக்குப் போவான். இணையத்தைக் காப்பாற்றும் மாநாடுகள் ஏனோ எப்போதும் கடற்கரை உள்ள ஊர்களிலேயே நடக்கின்றன. அங்கே கழுத்தில் மாட்டிவிடும் பட்டிகளை அவன் கொண்டுவந்து மேசை விளக்கில் தொங்கவிட்டிருக்கிறான், நேர்த்திக்கடனுக்கு மணி கட்டியவனைப்போல.

2

கேக் வெட்டிய அன்று மத்தியானம் வசந்தி தொலைபேசி எடுத்தாள். வெள்ளவத்தையில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். அவள் கொட்டாஞ்சேனையில் கலியாணம் செய்தாள், நான் இங்கே வந்தேன். வருசப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் கதைப்போம். இரண்டும் இல்லாத ஒரு நாளில் அவள் எடுத்ததும் எனக்கு மனம் பதறியது.

"சாந்தி, நீ இன்ரநெற் கந்தோரிலதானே வேலை செய்யிறாய்?"

"ஓம். ஏன்?"

"தர்சினியின்ர படம் ஒண்டு ஒரு இடத்தில வந்திருக்கு. அதை எடுக்கவேணும். உன்னால ஏலுமே?"

தர்சினி அவளுடைய ஒரே மகள். கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. குழந்தையாக இருக்கையில் பார்த்தது. பிறகு படங்களில்தான் வளர்ந்தாள். அவளுக்குச் சம்பந்தம் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். தாய் அனுப்பிய படம், பிறந்த நாள், நட்சத்திரம், தொலைபேசி எண் எல்லாம் ஒரு தளத்தில் போய் விழுந்திருக்கின்றன. அங்கே அவளுடைய முகத்துக்குக் கீழே, ‘விவாகரத்தானவர். உடனே வெளிநாடு வரத் தயார். எந்நேரமும் அழைக்கலாம்’ என்று எழுதிவிட்டிருக்கிறான் ஒருவன். அழைக்கிறார்கள். எந்தெந்த நாட்டிலிருந்தோ, தமிழ் தெரிந்தவனும் தெரியாதவனும் அழைக்கிறார்கள். பெண் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

"பொலிஸுக்குப் போனனியளே?"

"போனம். ‘நோனா, மே சைட் எக்க லங்காவே நெவெய், ஓலந்தே’ எண்டு சொல்லிப்போட்டான். அதுதான் உனக்கு எடுத்தனான்."

தளம் இலங்கையில் இல்லை, ஒல்லாந்தில் என்று அந்தப் பொலிஸ்காரர் கையை விரித்திருக்கிறார். எந்தப் பொலிஸ் நிலையம் என்று நான் எழுதப்போவதில்லை, எங்கே போயிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். நாங்கள் வளர்ந்த போர்க்காலத்தில் கொழும்புத் தமிழருக்குப் பதிவு என்றால் பொலிஸ் பதிவு. யாழ்ப்பாணத்திலிருந்து சித்தி வந்து இரண்டு நாள் தங்கினால் அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பதிய வேண்டும். பேர் என்ன, ஊர் என்ன, ஏன் வந்தாய், எப்போது போவாய். எங்களுடைய முகங்கள் அவர்களுக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தன. இப்போது ஒரு பெண் தானாகவே வந்து, என் முகத்தைக் கொஞ்சம் பாருங்கள் என்று நிற்கிறாள். அது ஒல்லாந்தில் இருக்கிறதாம்.

சரி, ஒல்லாந்தில்தானே நான் இருக்கிறேன் என்று நினைத்தேன். தளத்தின் பெயரைத் தேடிப் பார்த்தேன். எங்கள் கம்பனியில் பதிந்த பெயர். இரண்டு மாடி ஏறினால் சொடுக்குகிறவன் இருக்கிறான். மாலைக்குள் எடுத்துவிடலாம் என்று வசந்திக்கு வாக்குக் கொடுத்தேன். இத்தனை காலம் அங்கே வேலை செய்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

3

இந்த இடத்தில் கனகேஸ்வரி ரீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கும் வசந்திக்கும் கணக்குப் படிப்பித்தவர். ஓய்வு பெற்ற பிறகு வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடி வீட்டிலிருந்து சம்பந்தம் பேசுகிறார். ரீச்சர் பேசிய சம்பந்தம் பிழைக்காது என்று கொழும்பில் ஒரு பேர் உண்டு. மாப்பிள்ளைக்குத் தலை வழுக்கையென்றால் வழுக்கை என்றே சொல்வார். பொம்பிளைக்கு வாய் கூட என்றால் அதையும் சொல்வார்.

வெளிநாட்டுக் குடும்பங்கள் எல்லாம் இணையத்தில் பார்க்கிறார்கள் என்று அறிந்து, ரீச்சரும் ஒரு தளம் தொடங்க நினைத்தார். நல்லசம்பந்தம் என்று தமிழிலேயே பெயர். காலி வீதியில் இணைய வசதியுள்ள ஒரு கொமியூனிக்கேசன் கடைக்குப் போய், ஒரு தாளில் பெயரை எழுதிக் கொடுத்தார். எழுதும்போது தலையில் ஒரு உகரத்தைப் போட்டார். பிள்ளையார் சுழி. எங்கள் ஆட்கள் கடைச் சிட்டை எழுதினாலும் தலையில் அது இருக்கும். மரண அறிவித்தலுக்கு மட்டும் போடமாட்டோம். கடைக்கார நானா எங்கள் கம்பனியின் தளத்தைத் திறந்து, கடுதாசியில் உள்ளதை உள்ளபடி தட்டினார். பெயர் உநல்லசம்பந்தம் என்று பதிவாகிவிட்டது.

இதை ரீச்சர் கண்டுபிடித்துக் கேட்டபோது நானா சொன்னாராம், "நீங்க எழுதித் தந்தத அப்படியே அடிச்சிருக்கி ரீச்சர், ஒரு எழுத்துக் கொறைக்கல்ல." ரீச்சருக்குக் கோபம் வரவில்லை. "பிள்ளையார் முன்னுக்கு நிண்டால் என்ன குறை" என்று விட்டுவிட்டார்.

குறை வேறு இடத்தில் இருந்தது. பிள்ளையார் சுழியை எழுதுவோம், வாசிக்கமாட்டோம். கடிதத்தை உரத்து வாசிக்கிற எவரும் "உ" என்று சொல்லித் தொடங்குவதில்லை. ரீச்சரும் தொலைபேசியில் எல்லாருக்கும் "நல்லசம்பந்தம் எண்டு அடியுங்கோ" என்றே சொன்னார். சனமும் அப்படியே அடித்தது. அங்கே ஒன்றும் வரவில்லை என்று சிலர் திரும்ப எடுத்துக் கேட்டபோது, முன்னுக்கு ஒரு சுழி இருக்கிறது என்று விளக்கினார். இந்தக் கூத்தை எவனோ ஒரு கெட்டிக்காரன் கவனித்திருக்கிறான். சுழி இல்லாத பெயரை அவன் வாங்கி, ரீச்சரின் தளத்தைப் போலவே ஒன்றைச் செய்து, காத்திருந்தான். வசந்தி சுழி இல்லாமல் அடித்தாள். மகளின் படத்தை ரீச்சருக்கு அனுப்புவதாக நினைத்து அவனுக்கு அனுப்பினாள். வேறு குடும்பங்களும் அனுப்பியிருந்தன.

விஷயம் தெரிந்ததும் முதலில் முறைப்பாடு செய்தது ரீச்சர்தான். எங்கள் கம்பனித் தளத்தின் முறைப்பாட்டுப் படிவத்தில் ஆங்கிலத்தில், கணக்குச் செய்கை மாதிரி வரி வரியாக எழுதியிருந்தார். போலிப் பெயர் எது, உங்கள் பெயர் எது என்று கேட்ட இடங்களில் இரண்டையும் சரியாகக் குறித்திருந்தார். எங்கள் கணினி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு நிமிடத்தில் ஒரு பெயரை நிறுத்திவிட்டது. உநல்லசம்பந்தம்.

முறையிடப் போன மனுசியின் கடையை மூடிவிட்டு, கள்ளனின் கடையை விட்டுவைத்தது எங்கள் பாதுகாப்பு. நான் வசந்திக்கு வாக்குக் கொடுத்த பிறகுதான் இதெல்லாம் தெரியவந்தது.

4

கணினியைக் குறை சொல்லக்கூடாது. அதற்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

முந்திய ஆண்டு, பிற மொழி எழுத்துகளால் வரும் ஆபத்து என்று யெரூன் ஒரு அறிக்கை எழுதினான். தமிழில் இரண்டு என்ற பழைய இலக்கமும் உகரமும் பார்வைக்கு ஒன்று என்று எங்கோ வாசித்துவிட்டு, உகரத்தைச் சந்தேக எழுத்துகளின் பட்டியலில் சேர்த்தான். இரண்டு பெயர்களுக்கு இடையில் பட்டியலில் உள்ள ஒரு எழுத்து மட்டும் வித்தியாசம் என்றால், அந்த எழுத்து உள்ள பெயர் போலி. இதுதான் விதி. எழுதி முடித்தபின் என்னைக் கூப்பிட்டு, இதில் ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டான். கையில் கோப்பிக் கோப்பையோடு நின்றபடி கேட்டான். தமிழர் எதை எழுதினாலும் தலையில் இந்த எழுத்தைப் போடுவார்கள் என்றேன். அது என்ன அர்த்தம் என்றான். யானை முகத்துக் கடவுள், தொடங்கும் காரியத்தில் தடை வராமல் காப்பவர் என்றேன். "அழகு" என்றான். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அறிக்கை வந்தபோது பின்பக்கத்தில் ‘தமிழ்ச் சமூகத்தோடு கலந்தாலோசிக்கப்பட்டது’ என்று இருந்தது. அந்தச் சமூகம் நான்.

அவனிடம்தான் போனேன். என் டச்சு இன்றைக்கும் அவசரத்தில் கால் தடுக்கும். தரகர் என்பதற்கு எனக்கு வாயில் வந்த சொல், இந்த ஊரில் வீடு விற்கும் தரகரைக் குறிக்கும். நான் பெண், படம், தரகர் என்று படபடவென்று சொல்ல, யெரூன் முகத்தைச் சுளித்து, "இலங்கையில் வீடு வாங்கப்போகிறாயா?" என்றான். பக்கத்து மேசைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி தொடக்கத்திலிருந்து சொன்னேன்.

"தளத்தில் என்ன படம் இருக்கிறது என்பது எங்கள் வேலை இல்லை" என்றான் யெரூன். "நாங்கள் பெயரை மட்டும் பதிகிறோம். உள்ளே இருப்பதை நாங்கள் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால், இணையத்தின் சுதந்திரம் என்ன ஆவது?"

"இந்தக் கிழமை ரீச்சரின் பெயரை நிறுத்தினீர்களே. அது என்ன சுதந்திரம்?"

"அது பெயரில் உள்ள பிரச்சினை. விதிப்படி நடந்தது."

"ரீச்சர் முதலில் பதிந்தவர். மற்றவன் பிறகு பதிந்தவன். யார் யாரைப் பார்த்துச் செய்தது என்று அதிலிருந்தே தெரியும்தானே. பதிவு உன்னிடம்தானே இருக்கிறது?"

"விதியில் பதிந்த நாளைப் பற்றி ஒன்றும் இல்லை" என்றான்.

உலகத்துப் பெயர்களுக்கெல்லாம் தோம்பு வைத்திருக்கிறவன், தோம்பைத் திறந்து பார்க்க விதியில்லை என்கிறான். பிறகு, பதிந்த கள்ளன் யார் என்றாவது சொல் என்று கேட்டேன். தனிமனிதனின் அந்தரங்கத் தகவல், சட்டம் தடுக்கிறது என்றான். நீதிமன்ற உத்தரவு கொண்டுவந்தால் பார்க்கலாமாம். கொழும்பு நீதிமன்றம் போதுமா என்றேன். இந்த நாட்டு நீதிமன்றம் வேண்டும் என்றான். அந்தப் பெண் இன்றைக்கு வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறாள் என்றேன். "எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது" என்றான். இந்த ஊரில் கவலைப்படுவதற்கு நல்ல பயிற்சி கொடுக்கிறார்கள். முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை, அருவருப்பாக இருந்தது. கொடியவன் என்றால் கோபம் வரும். இவன் கொடியவன் இல்லை, மாதம் தவறாமல் ஏதோ ஒரு நற்பணிக்கு நன்கொடை கொடுக்கிறவன்.

அடுத்த நாள் தர்சினியே எனக்கு எடுத்தாள். குரல் தாயைப் போலவே இருந்தது.

"அன்ரி, நான் அழுது கத்த எடுக்கேல்லை. ஒண்டு சொல்லத்தான். முந்தநாள் அம்மா மட்டக்குளிக்கு ஒரு அலுவலா அனுப்பினவ. பஸ்ஸில முன்னுக்கு இருந்த ஒருத்தன் என்னைப் பாக்கிறான், ஃபோனைப் பாக்கிறான். திரும்ப என்னைப் பாக்கிறான். நான் இடையில இறங்கி நடந்து வந்தனான். அவன் ஒண்டும் செய்யேல்லை அன்ரி. பாத்தவன். அவ்வளவுதான்."

"எடுப்பிக்கிறன் பிள்ளை. கொஞ்சம் பொறுங்கோ."

"ஓம். படம் எடுபட்டால் காணும். வேற ஒண்டும் வேண்டாம்."

5

என் மகள் மிதுரா இங்கே பிறந்தவள். வடிவமைப்புப் படிக்கிறாள். பொதிகள், பெயர்ப்பலகைகள், எழுத்துருக்கள் என்று எந்நேரமும் ஏதாவது ஒன்றை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுடைய தமிழ் சோறு, கறி என்று குசினியைத் தாண்டாது. சம்பந்தம் என்ற சொல்லை நான் வீட்டில் சொன்னபோது, "கனெக்ஷன்தானே அம்மா, வைஃபை மாதிரி" என்றாள். பிழையென்றும் சொல்ல முடியவில்லை.

நான் அந்தப் போலித் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, யெரூனுக்கு இன்னொரு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தேன். மேலே இரண்டு வெள்ளைப் புறாக்கள், வாயில் ஒரு நீல நாடா. கீழே தர்சினியின் முகம், அவளுக்குக் கீழே இன்னும் பல பெண்களின் முகங்கள். மிதுரா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இது எங்கட புறா."

"எங்கட புறாவோ?"

"எங்கட பிஸ்கட். சின்னனில தருவீங்களே. அதே நாடா, அதே கண். திருப்பி மட்டும் போட்டிருக்கு."

எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து பெட்டியை எடுத்து வந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். அவள் சொன்னது சரி. கலியாணத் தளத்துக்குப் புறா தேடிய கள்ளன், இந்த நாட்டில் எல்லா வீட்டிலும் இருக்கும் ஒரு பிஸ்கட் பெட்டியின் சின்னத்தை எடுத்துப் போட்டிருக்கிறான். நான் நாட்கணக்காகப் பார்த்த பக்கம் அது. எனக்கு முகங்கள் மட்டுமே தெரிந்தன. அவளுக்குப் புறா தெரிந்தது. கொஞ்சம் கழித்துத்தான், "இந்தப் பிள்ளை ஆர்?" என்று கேட்டாள். வசந்தி அன்ரியின் மகள் என்றேன். வசந்தி அன்ரி யார் என்று அடுத்த கேள்வி. ஆனாலும் அன்று எங்களுக்கு உதவியது அவளுடைய கண்தான்.

பிஸ்கட் கம்பனியின் பொது முகவரிக்கு இரண்டு வரி எழுதினேன். உங்கள் புறாக்கள் இந்தத் தளத்தில் இருக்கின்றன, பாருங்கள். பெண்களைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதினால் கவலை தெரிவிப்பார்கள் என்று பயந்தேன். அவர்களுடைய வழக்கறிஞர் எங்கள் கம்பனிக்கு எழுதியிருக்கிறார். வர்த்தகச் சின்ன மீறல். நீதிமன்ற உத்தரவு வேண்டுமென்று எவரும் அவரிடம் கேட்கவில்லை. உள்ளே இருப்பது எங்கள் வேலையில்லை என்றும் சொல்லவில்லை. இணையத்தின் சுதந்திரம் அன்றைக்கு லீவில் போயிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் பெயரை நிறுத்திவிட்டார்கள்.

இத்தனை பெண்களின் முகத்தால் முடியாததை இரண்டு புறா செய்தது. இதைச் சொல்ல எனக்கு நாகரிகமான வார்த்தை கிடைக்கவில்லை, தேடவும் இல்லை.

6

வசந்தி அழுதாள். ரீச்சர் அழவில்லை. அவருடைய தளத்தைத் திரும்பத் திறக்கலாம், ஆனால் பெயரின் முன்னால் உள்ள ‘அலங்கார எழுத்தை’ நீக்கிப் புதிதாகப் பதிவது நல்லது என்று எங்கள் கம்பனி அவருக்கு எழுதியிருந்தது. அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுச் சொன்னார்.

"பிள்ளை, உங்கட கந்தோரில ஒருத்தரும் கணக்குப் படிக்கேல்லையோ? முதல் வந்தது ரெண்டாவதைப் பாத்துக் கொப்பி அடிக்கேலாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும். தளமும் வேண்டாம், ஒரு கண்றாவியும் வேண்டாம். நான் பழையபடி ஃபோனில பேசுறன்."

"ஓம் ரீச்சர்."

"நீ ஏன் ஓமெண்டுறாய்? நீயே அந்த விதியை எழுதினனி?"

தர்சினிக்கு நடந்ததை நடந்தபடியே சொன்னேன். பிஸ்கட் கதையை அவள் முழுவதும் கேட்டாள். பிறகு, கேலியாக இல்லாமல், ஒரு தகவல் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அப்ப அன்ரி, பிஸ்கட்டுக்கு இருக்கிற மாதிரி என்ர முகத்தையும் எங்கையாவது பதிய ஏலுமே?"

"ஏலாது பிள்ளை."

"சரி. இனி அது ஒரு இடத்திலயும் வராதுதானே?"

"வராது" என்றேன். தளம் போய்விட்டது, எண்ணை மாற்றிவிட்டாள், மருந்துக்கடைக்கும் திரும்பிப் போகப்போவதாகச் சொன்னாள். துணிந்துதான் சொன்னேன்.

அதற்கு அடுத்த கிழமை யெரூன் ஒரு மாநாட்டுக்குப் புறப்படுவதற்கு ஆயத்தமானான். போவதற்கு முன் எங்களுக்கு எல்லாம் ஒருமுறை பேசிக் காட்டுவது அவன் வழக்கம். கூட்ட அறையில் திரையை இறக்கி, விளக்கை அணைத்தார்கள். நம்பிக்கை, பொறுப்பு, கூட்டுறவு என்று வழக்கமான பக்கங்கள் போயின. பிறகு ‘ஒரு மணி நேரத்துக்குள்’ என்று பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு வந்தது. தெற்காசியாவில் நடந்த ஒரு மோசடியை எங்கள் கம்பனி எவ்வளவு விரைவாகத் தடுத்தது என்று விளக்கினான். என் பக்கம் திரும்பி, தமிழ்ச் சமூகத்தின் ஒத்துழைப்புக்கு நன்றி என்றான். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அடுத்த பக்கத்தில் அந்தப் போலித் தளத்தைப் படம் பிடித்துப் போட்டிருந்தான். சுவர் அளவுக்கு. பதிந்த கள்ளனின் விபரம் இருந்த இடத்தில் கறுப்புப் பட்டை. மேலே இரண்டு புறாக்களுக்கும் கறுப்புப் பட்டை. நாடாவின் நுனிகூடத் தெரியாமல் கவனமாக மறைத்திருந்தார்கள். நடுவில் தர்சினி. நெற்றியில் பொட்டோடு, படம் எடுப்பவரை நம்பி இலேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்தேன்.

"அவளுடைய முகத்தையும் மறை."

யெரூன் திரும்பித் திரையைப் பார்த்தான். நான் எதைச் சொல்கிறேன் என்று உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. புறாக்களைப் பார்த்தான். கள்ளனின் பெயரைப் பார்த்தான். கடைசியாகத்தான் அவளைக் கண்டான்.

"சட்டப்பிரிவு எல்லாவற்றையும் பார்த்துத்தான் தந்தது" என்றான். "அவள் இங்கே இல்லைத்தானே."